சுவரை விட்டு இறங்கிய ஓவியம்



இந்தப் பேச்சை நடத்தும் அறக்கட்டளை, பள்ளி ஓவிய ஆசிரியர் ஒருவரின் நினைவாக அமைந்தது. கரும்பலகையில் வண்ணச் சாக்கட்டியால் வரைந்து காட்டியே ஒரு தலைமுறைக்குக் கண் திறந்துவிட்டவர்களின் வரிசையில் வந்தவர் அவர். அவர் பெயரால் பேச வேண்டும் என்றபோது, நவீன ஓவியத்துக்குப் பிறகு என்ன ஆயிற்று என்பதையே எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. ஓவியத்தை நேசிக்கிற பலரும் அந்த இடத்தில்தான் கலையோடு உறவை முறித்துக்கொள்கிறார்கள். ஓவியர் ஆதிமூலத்தின் கோடுகள்வரை கூடவே வருகிறவர்கள், தரையில் பரப்பிய செங்கல்லையும் தகரப்பெட்டியையும் கண்டதும் மேலே வர மறுக்கிறார்கள். அவர்கள் மறுப்பதில் நியாயம் இருக்கிறது. அந்த நியாயத்தை மதித்துக்கொண்டே அவர்களை இன்னும் கொஞ்சம் தூரம் அழைத்துப்போக விரும்புகிறேன்.

தமிழில் பின்நவீனத்துவம் இலக்கியத்தின் வழியாக வந்து சேர்ந்தது. 1990களில் 'நிறப்பிரிகை' போன்ற சிறுபத்திரிகைகளில் அதைப் பற்றி அனல் பறக்க விவாதம் நடந்தது. கதையும் கவிதையும் அரசியலும் அந்த விவாதத்துக்குள் வந்தன. ஓவியம் பெரும்பாலும் அட்டையிலேயே நின்றுகொண்டது. அதனால் ஓவியத்தில் நடந்த மாற்றத்தையும் நாம் தத்துவச் சொற்களாகவே கேட்டுப் பழகிவிட்டோம்: பெருங்கதையாடலின் வீழ்ச்சி, ஆசிரியனின் மரணம், மையம் சிதைதல். இவை தவறில்லை. ஆனால் ஒரு படைப்பின் முன்னால் போய் நிற்கிறவருக்கு இவை கை கொடுப்பதில்லை. ஆகவே கண்ணால் பார்க்கக்கூடிய ஒரே ஒரு மாற்றத்தைப் பிடித்துக்கொண்டு போகிறேன். ஓவியம் சுவரை விட்டு இறங்கித் தரைக்கு வந்தது. ஏன் வந்தது, வந்து என்ன செய்தது என்பதுதான் இன்றைய பேச்சு.

ஐரோப்பிய ஓவியம் பல நூற்றாண்டுகளாக நின்றுகொண்டிருக்கும் மனிதனுக்கு எதிரே தானும் நின்றுகொண்டிருந்தது. படத்தின் மேல்விளிம்பு நம் தலைக்கு, கீழ்விளிம்பு நம் காலுக்கு. மேலே வானம், கீழே மண். நவீன ஓவியர்கள் வானத்தையும் மண்ணையும் எடுத்தார்கள், உருவத்தை உடைத்தார்கள், கடைசியில் உருவமே வேண்டாம் என்றார்கள். இந்த மேல் கீழை மட்டும் அவர்கள் தொடவில்லை.

அந்த நவீனத்துவத்துக்குச் சட்டம் எழுதியவர் நியூயார்க் விமர்சகர் கிளெமென்ட் கிரீன்பெர்க். 1960இல் வெளியான 'நவீனத்துவ ஓவியம்' என்ற கட்டுரையில் அவர் வைத்த வாதம் இது: ஒவ்வொரு கலையும் தனக்கே உரியது எது என்று தன்னை விசாரித்துக்கொள்கிறது, பிற கலைகளிடம் வாங்கிய கடனைத் திருப்பித் தந்துகொண்டே போகிறது. கதை இலக்கியத்துடையது, கனம் சிற்பத்துடையது. ஓவியத்துக்கென்று மிஞ்சுவது தட்டையான பரப்பு. பரப்பு தன்னைப் பரப்பு என்று மறைக்காமல் சொன்ன முதல் படங்கள் பிரெஞ்சு ஓவியர் மானேயுடையவை என்றார். இதை வறட்டுக் கண்டிப்பு என்று இன்று எளிதாகத் தள்ளிவிடுகிறார்கள். என்னால் அப்படித் தள்ள முடியவில்லை. ஒருபுறம் சர்வாதிகாரிகள் ஓவியத்தைப் பிரசாரத் தட்டியாக்கிக்கொண்டிருந்தார்கள். மறுபுறம் வணிகம் அதை இனிப்பு மிட்டாயாக்கிக்கொண்டிருந்தது. 1939இலேயே அந்த இரண்டையும் எதிர்த்து எழுதத் தொடங்கியவர் அவர். யாருக்கும் வேலை செய்யாத ஓவியம் வேண்டும் என்பதில் ஒரு மானம் இருந்தது. அந்த மானத்தைப் புரிந்துகொள்ளாமல் பின்னால் வந்தவர்கள் எதை இழக்கத் துணிந்தார்கள் என்பது விளங்காது.

கிரீன்பெர்க் தூக்கிப் பிடித்த ஓவியர் ஜாக்சன் பொல்லாக். லாங் ஐலண்டில் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில், ஒரு பழைய கொட்டகையின் தரையில் கான்வாஸை விரித்து, சுற்றி நடந்துகொண்டே வண்ணத்தை ஊற்றியும் சொட்டவிட்டும் 1947 முதல் வரைந்தார். தரைக்கு முதலில் வந்தவர் அவர்தானே என்று கேட்கலாம். வந்தார், ஆனால் ஓவியம் வரவில்லை. கொஞ்சம் வரைந்ததும் கான்வாஸைச் சுவரில் மாட்டி அதன் முன்னால் நின்று பார்ப்பார்; பிறகு மறுபடி தரை. காட்சிக்கூடத்துக்குப் போனபோது அது நிமிர்ந்த ஓவியமாகவே போனது. தரை அவருக்கு வேலை செய்யும் இடம் மட்டும்தான்.

1955இல் ராபர்ட் ரவுஷென்பர்க் இதைத் தலைகீழாகச் செய்தார். அவர் சுவரில் மாட்டியது படுக்கை. பெயரும் 'படுக்கை'தான். இப்போது நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆறடிக்குச் சற்று மேல் உயரம், இரண்டரை அடி அகலம். ஒட்டுத்துணிகளைச் சதுரம் சதுரமாகச் சேர்த்துத் தைத்த ஒரு போர்வை, அதன்மேல் மடித்துவிட்ட விரிப்பு, உச்சியில் தலையணை. தலையணையில் பென்சில் கிறுக்கல். மேல்பாதி முழுக்க வண்ணம் கொட்டி, வழிந்து, காய்ந்து கிடக்கிறது. வண்ணத்தோடு பற்பசையும் நகப்பூச்சும். கீழ்ப்பாதியில் போர்வையின் தையலை அப்படியே விட்டிருக்கிறார். கிட்டப் போய்ப் பார்த்தால் வண்ணம் பொல்லாக் தலைமுறையின் வண்ணம்தான், அதே வழிதல், அதே வேகம். ஆனால் அது விழுந்திருக்கும் இடம் மனிதர்கள் தூங்குகிற, நோயில் கிடக்கிற, சாகிற இடம். வானமும் மண்ணும் இல்லாத இந்தப் படத்தின் மேல் கீழ் எது? தலைமாடு, கால்மாடு. கிடக்கிற உடம்பின் மேல் கீழ்.

இதன் முக்கியத்துவத்தை மற்றவர்களைவிடத் தெளிவாகச் சொன்னவர் லியோ ஸ்டைன்பெர்க். மறுமலர்ச்சிக் காலக் கலையைப் படித்துத் தேர்ந்த வரலாற்றாசிரியர் அவர். 1968இல் அதே நவீனக் கலை அருங்காட்சியகத்தில் ஆற்றிய உரையை விரித்து 1972இல் 'வேறு அளவுகோல்கள்' என்ற தன் நூலில் சேர்த்தார். அச்சுக்கூடத்தில் கோத்த எழுத்துகளைக் கிடத்தி வைக்கும் தட்டைப் படுகை உண்டல்லவா, அந்தப் படுகையின் பெயரையே ரவுஷென்பர்க் வகை ஓவியப் பரப்புக்கு அவர் இட்டார். இனி ஓவியம் உலகத்தைப் பார்க்கும் சாளரமாக இருக்காது. பொருள்கள் சிதறிக் கிடக்கிற, தகவல்கள் வந்து விழுகிற, பதிவுகள் ஏறுகிற மேசையாக இருக்கும் என்றார். படம் சுவரில் தொங்குகிறதா தரையில் கிடக்கிறதா என்பதைவிட, அது மனத்துக்குள் எப்படிக் கிடக்கிறது என்பதே அவருக்குப் பெரிது. பின்நவீனத்துவம் என்ற சொல்லை ஓவியத்துக்கு இவ்வளவு துல்லியமாகப் பொருத்தியவர்கள் அந்நாளில் குறைவு. தெருவில் சொல்லிப் புரியவைக்கக்கூடிய ஒரு கருத்தாகவும் அது இருந்தது. நான் இன்று பேசுவதெல்லாம் அவரிடமிருந்து கிளம்புவதுதான். எங்கே அவரை விட்டுப் பிரிகிறேன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இங்கே சென்னையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கே.சி.எஸ். பணிக்கர் சென்னைக் கலைக் கல்லூரியின் முதல்வராக இருந்தபோது, 1963இல், 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையைத் தொடங்கினார். சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவாவதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு. அந்த ஓவியங்களில் ஜாதகக் கட்டங்கள் போன்றவை இருக்கின்றன, கணக்குக் குறிகள் இருக்கின்றன, மலையாள எழுத்துபோல ஓடி, படிக்க முடியாமல் நின்றுவிடும் வரிகள் இருக்கின்றன. பணிக்கரை நாம் நவீனத்துவர் என்றே வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறோம். நான் அவரை வாசலில் நிற்பவராகப் பார்க்கிறேன். ஜாதகத்தை யாரும் சுவரில் மாட்டி நின்று பார்ப்பதில்லை. மடியிலோ பலகையிலோ விரித்துக் குனிந்து படிக்கிறோம். அந்தக் குனிதலை அவர் ஓவியத்துக்குள் கொண்டுவந்தார். ஸ்டைன்பெர்க் பேசுவதற்கு ஐந்து ஆண்டுகள் முன்னால், நியூயார்க்கின் சந்தடி எட்டாத ஓர் ஊரில், ஓவியப் பரப்பு எழுதப்பட்ட ஏடாக மாறியிருக்கிறது. நம் கலை வரலாற்றில் இது இன்னும் போதுமான அளவு பேசப்படவில்லை என்பது என் ஆதங்கம்.

தரை என்றதும் கோலத்தைச் சொல்வார்கள். தரையில் வரைவது நமக்குப் புதிதா என்று கேட்பார்கள். புதிதில்லை. ஆனால் கோலம் எந்தச் சுவரிலிருந்தும் இறங்கி வந்ததில்லை. அது பிறந்ததே வாசல் மண்ணில். நான் பேசுகிற ஓவியத்தின் வலிமை அது விட்டுவந்த இடத்திலிருந்து வருகிறது. இரண்டையும் ஒன்றாக்கினால் இரண்டுக்கும் அநியாயம்.

1960களின் நடுவில் சிற்பமும் பீடத்தை விட்டது. கார்ல் ஆந்த்ரே 1966இல் 120 சூளைச் செங்கற்களைச் செவ்வகமாகத் தரையில் அடுக்கினார். லண்டன் டேட் அருங்காட்சியகம் அதை 1972இல் வாங்கியது; 1976இல் செய்தித்தாள்கள் கொதித்தெழுந்தன. இப்படிப்பட்ட படைப்புகளை 1967இலேயே கடுமையாக எதிர்த்தவர் விமர்சகர் மைக்கேல் ஃப்ரீட். இவை பார்வையாளன் வந்து சேரும்வரை காத்திருக்கின்றன. அவன் நடந்தால்தான் நடக்கின்றன. இது நாடகம், கலைக்கு விரோதம் என்றார். அவர் விரும்பாததை அவரே எல்லோரையும்விடச் சரியாகப் பார்த்துவிட்டார். அன்று அவர் குற்றமாகச் சொன்ன பார்வையாளனின் உடம்பு, அதன் நேரம், அதன் நடை, இவைதான் பின்வந்த கலையின் மூலப்பொருள் ஆயின.

வார்ஹோலின் சூப் டப்பாக்களையும் பிரில்லோ பெட்டிகளையும் நான் வேகமாகக் கடந்துபோகிறேன். அவற்றைப் பற்றிப் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் நிற்க விரும்பும் இடம் 1971.

ஜெர்மனியில் பிறந்து நியூயார்க்கில் வாழ்ந்த ஹான்ஸ் ஹாக்கே அந்த ஆண்டு குகன்ஹைம் அருங்காட்சியகத்தில் தனிக் காட்சி நடத்த இருந்தார். அதற்காக அவர் தயாரித்த படைப்பு, மன்ஹாட்டனின் ஒரு நில உடைமைக் கூட்டம் பற்றியது. ஹார்லெம், லோயர் ஈஸ்ட் சைட் போன்ற ஏழைப் பகுதிகளில் இருந்த அவர்களுடைய கட்டடங்களின் முகப்பை ஒவ்வொன்றாகப் படமெடுத்தார். ஒவ்வொரு படத்துக்கும் கீழே தட்டச்சு செய்த தாள்: முகவரி, மனை அளவு, யார் பெயரில் இருக்கிறது, அடமானம் எவ்வளவு, அரசு மதிப்பு எவ்வளவு. நம் சார்பதிவாளர் அலுவலகத்தில் யார் வேண்டுமானாலும் பணம் கட்டி வில்லங்கச் சான்று எடுப்பதுபோல, எல்லாமே பொதுப் பதிவேட்டிலிருந்து எடுத்தவை. ஒன்றோடொன்று தொடர்பில்லாதவைபோல் தோன்றும் நிறுவனப் பெயர்கள் ஒரே கையில் போய் முடிவதைப் பார்ப்பவர் தானே கண்டுகொள்ளலாம். படத்தில் அழகு இல்லை, கோபம்கூட இல்லை. காட்சி தொடங்கச் சில வாரங்கள் இருக்கும்போது இயக்குநர் தாமஸ் மெஸ்ஸர் அதை ரத்து செய்தார். ஹாக்கேயின் பக்கம் நின்ற பொறுப்பாளர் எட்வர்ட் ஃப்ரை வேலையை இழந்தார்.

அரூப ஓவியத்துக்கென்றே பேர்பெற்ற ஓர் அருங்காட்சியகம், வீட்டு முகப்புப் படங்களுக்கு அஞ்சியது. யாருக்கும் வேலை செய்யாத ஓவியம் என்ற அந்தப் பழைய மானம் எங்கே போய் முட்டியது பாருங்கள். தட்டைப் பரப்பு பதிவேடாக மாறிய பிறகு, அதில் யாருடைய பெயர் ஏறும் என்ற கேள்வியிலிருந்து கலை தப்ப முடியவில்லை.

இந்தியாவில் இந்தக் கதை வேறு காரணங்களால் நடந்தது. இங்கே நவீனத்துவம் அவ்வளவு கறாராக எப்போதும் இருந்ததில்லை. கதையையும் உருவத்தையும் நாம் முழுதாக விட்டதே இல்லை. 1981இல் 'மனிதருக்கான இடம்' என்ற பொருளில் ஒரு காட்சி பம்பாயிலும் டெல்லியிலும் நடந்தது. பூபேன் கக்கர், குலாம்முகம்மது ஷேக், நளினி மலானி, விவான் சுந்தரம், சுதிர் பட்வர்தன், ஜோகன் சௌத்ரி ஆகிய அறுவர். கலை விமர்சகர் கீதா கபூர் அதற்குக் கட்டுரை எழுதினார். தெருவையும் வீட்டையும் மனித உருவத்தையும் அவர்கள் விட்டுக்கொடுக்க மறுத்தார்கள். அப்போதும் அது கான்வாஸ்தான், சுவர்தான்.

பத்தாண்டுகள் கழித்து, 1991இல், வளைகுடாப் போர் நடந்தபோது, விவான் சுந்தரம் கரித்துண்டோடு இயந்திர எண்ணெயையும் காகிதத்தில் பயன்படுத்தினார். சில படங்களின் அடியில் தரையில் தகரத் தட்டு, அதில் கறுப்பாக எண்ணெய். படம் சுவரிலிருந்து வழிந்து தரைக்கு வந்து தேங்குகிறது. எண்ணெய்க்காக நடந்த போரை வண்ணத்தால் வரைவது அவருக்குப் போதவில்லை. 1992இல் மலானி பம்பாய் கேலரி கெமோல்டின் சுவர்களில் நேரடியாகக் கரியால் வரைந்தார். காட்சி முடிந்ததும் வெள்ளையடித்தார்கள். விற்பதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

அந்த ஆண்டு டிசம்பர் 6இல் பாபர் மசூதி இடிக்கப்பட்டது. தொடர்ந்து டிசம்பரிலும் ஜனவரியிலும் பம்பாய் எரிந்தது. அந்தக் கலவரத்தை விசாரித்த ஸ்ரீகிருஷ்ணா ஆணையத்தின் கணக்குப்படி 900 பேர் இறந்தார்கள். 'டைம்ஸ் ஆஃப் இந்தியா'வில் ஹோஷி ஜால் எடுத்த ஒரு புகைப்படம் வந்தது: தெருவில் தனியாகக் கிடக்கிற ஒரு மனிதனின் உடல். பெயர் தெரியாது. அருகே யாரும் இல்லை.

சுந்தரத்தின் 'நினைவிடம்' (1993) இந்த ஒரு படத்திலிருந்து எழுந்தது. அவர் அதைப் பார்த்து வரையவில்லை. புகைப்படத்தையே எடுத்துக்கொண்டு, திரும்பத் திரும்ப அச்சிட்டு, அதன்மேல் ஆணிகளை வைத்தார். ஒவ்வொன்றும் கடையில் வாங்குகிற சாதாரண இரும்பு ஆணி. ஒரு படத்தில் ஆணிகள் உடலைச் சுற்றி அணிவகுக்கின்றன, இன்னொன்றில் உடல்மேல் ஏறி மூடுகின்றன. குத்துவதும் அதே ஆணிதான், காப்பதும் அதே ஆணிதான். எது எப்போது என்று பார்ப்பவர் தீர்மானிக்க முடிவதில்லை. படங்கள் கண்ணாடிப் பேழைகளுக்குள் இருக்கின்றன. இடையில் ஒரு தோரண வாயில். தகர டிரங்குப் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியது. ஊரை விட்டு ஓடுகிறவர்கள் தலையில் சுமந்துகொண்டு போகிற பெட்டிகள். வெற்றி வீரர்களுக்குக் கல்லில் வாயில் கட்டும் நாட்டில், பெயரில்லாமல் செத்தவனுக்குத் தகரத்தில் வாயில். இவற்றினூடே நீங்கள் நடக்கிறீர்கள். ஃப்ரீட் வெறுத்த அந்த நடை இங்கே இறந்தவனோடு கூடவே போகும் நடை ஆகிறது.

இந்த இடத்தில்தான் ஸ்டைன்பெர்க்கை விட்டுப் பிரிகிறேன். அவருடைய படுகை எல்லாவற்றையும் சமமாக ஏற்கும்; செய்தித்தாள் துண்டும் படுக்கை விரிப்பும் அதற்கு ஒன்றுதான். அந்த அலட்சியமான விரிவில் ஒரு விடுதலை இருந்தது, 1955இன் அமெரிக்காவுக்கு அது தேவைப்பட்டது. 1993இன் பம்பாயில் தரையில் கிடந்தது எல்லாம் சமம் இல்லை. அங்கே ஒரு மனிதன் கிடந்தான். பின்நவீனத்துவம் உண்மையைச் சந்தேகித்தது என்று நம் பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. நம் பகுதியின் மிகச் சிறந்த படைப்புகள் அதே வடிவங்களை எடுத்துக்கொண்டு, உண்மை நடந்தது என்று நிலைநாட்டப் போராடின. துண்டு துண்டாக்குதல், ஆவணம், பிறர் எடுத்த படம் எல்லாம் அவர்களுக்குச் சாட்சியம் சொல்லும் வழிகள் ஆயின.

கைத்திறன் எங்கே என்ற கேள்விக்கு வருகிறேன். நியாயமான கேள்வி. 2012 டிசம்பர் 12இல் தொடங்கிய கொச்சி பினாலே போன்ற பெருங்காட்சிகளில், படைப்பைவிடச் சுவரில் ஒட்டிய விளக்கம் பெரிதாக இருக்கும் அறைகள் உண்டு. விளக்கத்தைக் கிழித்துவிட்டால் அங்கே ஒன்றுமே இருக்காது. அவற்றைப் பார்த்துச் சலித்தவர்களோடு நானும் சேர்கிறேன். ஆனால் ஒரு சோதனை இருக்கிறது. படைப்பாளி அந்தப் பொருளோடு எவ்வளவு காலம் இருந்திருக்கிறார் என்பது படைப்பில் தெரியும். ஓர் ஆணியை எங்கே வைப்பது என்பதிலும் கை தெரியும்.

அந்தச் சோதனைக்கு நான் எடுத்துச்செல்ல விரும்பும் படைப்பு ஒரு புத்தகம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் ஓவியர் தா. சனாதனன் 2011இல் வெளியிட்ட 'தி இன்கம்ப்ளீட் தோம்பு'. போர்த்துக்கீசரும் டச்சுக்காரரும் இலங்கையில் நில உடைமையைப் பதிந்துவைத்த பேரேடு தோம்பு. சனாதனன் போரில் வீடிழந்த, தமிழ் பேசும் மக்களிடம் போனார். நீங்கள் விட்டுவந்த வீட்டின் தரைப்படத்தை ஞாபகத்திலிருந்து வரைந்து தாருங்கள் என்று கேட்டார். எண்பது வீடுகள் சேர்ந்தன.

ஒவ்வொரு வீட்டுக்கும் அடுத்தடுத்து வருகிறவற்றைப் பாருங்கள். முதலில் வீட்டுக்காரரே வரைந்த படம். வரைந்து பழகாத கை. அளவு கிடையாது, எந்த இடம் மனத்தில் பெரிதாக இருந்ததோ அது தாளிலும் பெரிதாக விழும். பிறகு அதே வீடு கட்டடக் கலைஞரின் கோடுகளில் ஒழுங்காக, அளவாக, ஓர் அலுவலகம் ஏற்றுக்கொள்ளும் மொழியில். கூடவே அவர்கள் சொன்ன கதை. பிறகு சனாதனனின் சொந்தச் சித்திரம், வண்ணக்கட்டியில். மூன்று கைகள் ஒரே வீட்டை மூன்று முறை கட்டுகின்றன, மூன்றும் பொருந்துவதில்லை. பொருந்தாத அந்த இடைவெளியில்தான் இழப்பு எவ்வளவு என்பது தெரிகிறது. வெறும் புலம்பலாக இருந்தால் நாம் இரங்கிவிட்டு நகர்ந்துவிடலாம். கிணறும் அடுப்படியும் எங்கே என்று கோடு போட்டுக் காட்டும்போது அது வழக்குக்குக் கொண்டுபோகும் கட்டாக ஆகிவிடுகிறது.

ஹாக்கே பொதுப் பதிவேட்டைத் திறந்து உடைமையாளர்களின் பெயரைக் காட்டினார். நாற்பது ஆண்டுகள் கழித்துச் சனாதனன், பதிவேடே இல்லாமல் போனவர்களுக்காக ஒரு பதிவேட்டை எழுதினார். ஹாக்கேயிடம் சினத்தை உள்ளடக்கிய குளிர்ச்சி. இங்கே ஒரு சமூகமே சேர்ந்து வரைந்த வெதுவெதுப்பு. இதைப் பின்நவீனத்துவம் என்பதா, சமகாலக் கலை என்பதா என்ற கேள்வி எனக்கு இப்போது முக்கியமாகப் படவில்லை. சுவரில் மாட்ட முடியாத, மேசையில் விரித்துக் குனிந்து படிக்க வேண்டிய ஓவியம் இது. பணிக்கரின் ஏடுகளில் படிக்க முடியாமல் நின்ற வரிகள் இங்கே முகவரிகளாக வாசிக்கக் கிடைக்கின்றன.

அரங்கில் நுண்கலைக் கல்லூரி மாணவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள். சென்னை ஆற்றங்கரைகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் 2000 முதல் கண்ணகி நகரிலும், பிறகு செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் குடியேற்றப்பட்டன. கண்ணகி நகரின் அடுக்குமாடிச் சுவர்களில் 2020இல் பிரம்மாண்டமான ஓவியங்கள் வரையப்பட்டன. அவற்றில் நல்லவை இருக்கின்றன, அந்த வண்ணத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் சுவர் வரைந்தாயிற்று. அந்தக் குடும்பங்கள் விட்டுவந்த கூவம் கரை, அடையாற்றுக் கரை வீடுகளின் தரைப்படம் அவர்களுடைய ஞாபகத்தில் இருக்கிறது. அடுப்பு எந்த மூலையில் இருந்தது, வெள்ளம் வந்தால் எதை முதலில் தூக்கிப் பரணில் வைத்தார்கள் என்பதைச் சொல்லக்கூடிய பாட்டிகளும் தாத்தாக்களும் அங்கே இருக்கிறார்கள். அவர்களுக்கு வயது ஏறிக்கொண்டே போகிறது. காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொண்டு போங்கள். நீங்கள் வரைய வேண்டாம். முதல் படத்தை அவர்கள் வரையட்டும்.